மூன்றாவது சிறுவன்



வரலாற்று ஆசிரியர் ஒருவர் பெயரில் நடக்கும் சொற்பொழிவில் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் கேட்டார்கள். தாராளமாகப் பேசலாம். படையெடுப்புகளின் ஆண்டுகளை வரலாற்றுப் புத்தகம் கொடுத்துவிடும். படை வந்து உட்கார்ந்த ஊரில் ஆறாம் வகுப்புப் பையன் மத்தியானச் சாப்பாட்டை யாரோடு பகிர்ந்து தின்றான் என்பதை அது எழுதிவைப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ளக் கதைக்கும் படத்துக்கும்தான் போக வேண்டியிருக்கிறது.

போர்க்காலப் படங்களில் ஒரு வகை உண்டு. ஊர் வேற்றுப் படையின் பிடியில் இருக்கும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இரண்டு பிள்ளைகள் சிநேகமாவார்கள். ஒருவன் ஒளிந்திருக்க வேண்டியவன், மற்றவன் அது தெரியாதவன் அல்லது தெரிந்தும் வாய் திறக்கக் கூடாதவன். கடைசியில் ஒருவனைக் கொண்டுபோவார்கள், ஒருவன் நின்று பார்ப்பான். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து டீ குடிப்போம். இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த இருவரைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு இருவர் போதாது. மூன்றாவதாக ஒருவன் வேண்டும். அவன் படத்தில் இருக்கிறானா, இருந்தால் அவனுக்கு முகம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் இந்தப் படங்களை எடைபோடுவது வழக்கம். எப்படி என்று சொல்கிறேன்.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1987இல் எடுத்த 'ஓ ரெவ்வார் லெ சான்ஃபான்' படத்தில் தொடங்குவோம். 'போய் வருகிறேன் பிள்ளைகளே' என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அவருடைய சொந்தக் கதை அது. ஃபோந்தன்புளோவுக்குப் பக்கத்தில் ஆவோன் என்னும் ஊரில் கார்மல் சபைத் துறவிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் அவர் படித்தார். 1944 ஜனவரி 15 அன்று ஜெர்மன் ரகசியப் போலீஸ் பள்ளிக்குள் வந்து, பொய்ப் பெயரில் ஒளிந்து படித்த மூன்று யூதச் சிறுவர்களையும் அவர்களுக்கு இடம் கொடுத்த தலைமைக் குருவையும் பிடித்துக்கொண்டு போனது. மூன்று சிறுவர்களும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். பாதர் ழாக் என்னும் அந்தக் குரு மௌட்ஹவுசன் முகாமில் கிடந்து, முகாம் விடுதலையான சில வாரங்களில், 1945 ஜூன் 2 அன்று இறந்தார். அப்போது மாலுக்கு வயது 11. படத்தை எடுக்க அவர் 40 ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்.

காத்திருந்த அந்த நாட்களில் அவர் நம் பக்கமும் வந்திருக்கிறார் என்பதை இந்த இடத்தில் செருகிக்கொள்கிறேன். 1968இல் இந்தியா வந்து மாதக்கணக்கில் சுற்றி எடுத்த ஆவணப்படத் தொடரில் சென்னைக்கு என்றே ஒரு பகுதி ஒதுக்கினார். மயிலாப்பூர்த் தேர், வடத்தைப் பிடித்து இழுக்கும் கூட்டம், கலாக்ஷேத்திராவில் அடவு பழகும் பெண்கள் எல்லாம் அதில் உண்டு. பிபிசி அந்தத் தொடரை ஒளிபரப்பியபோது டெல்லிக்குக் கோபம் வந்து, 1970இல் பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூடவைத்தார்கள். ஏழ்மையைக் காட்டிவிட்டாராம். தேரடியில் நின்ற அந்தக் கேமராக்காரரின் மனதுக்குள் ஒரு வகுப்பறை கிடந்தது அப்போது யாருக்குத் தெரியும்!

அந்த வகுப்பறைக்கு வருவோம். ழூலியன், போனே என்று இரண்டு பையன்கள். ழூலியன் வசதியான வீட்டுப் பிள்ளை, படிப்பில் கெட்டிக்காரன், இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறவன். போனே இடையில் வந்து சேர்ந்தவன். கணக்கிலும் பியானோவிலும் ழூலியனை மிஞ்சுகிறான். முதலில் பொறாமை, பிறகு சிநேகம். இரவில் விளக்கணைந்த பிறகு ஆயிரத்தொரு இரவுகள் கதையைச் சேர்ந்து வாசிக்கிறார்கள். போனே யூதன் என்பதை ழூலியன் தானாகவே கண்டுபிடிக்கிறான். ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஜெர்மன் அதிகாரி முல்லர் உள்ளே நுழைகிறான். போனேவின் உண்மைப் பெயரைச் சொல்லி, யார் அது என்று கேட்கிறான். யாரும் அசையவில்லை. சுவரில் ஐரோப்பா வரைபடம், போர் முனை எங்கே நகர்கிறது என்று காட்டக் குத்திவைத்த சின்னச் சின்னக் கொடிகள். அதிகாரி பையன்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்தக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பிக்கிறான். அந்த ஒரு நொடியில் ழூலியன் தலையைத் திருப்பி போனேவைப் பார்க்கிறான். அதிகாரி அதைப் பார்த்துவிடுகிறான். நேராக வந்து போனேவின் முன்னால் நிற்கிறான்.

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்கிற காட்சி. போலீஸ் எப்படி வந்தது என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பள்ளியின் சமையல்கட்டில் ஜோசப் என்று ஒருவன் வேலை செய்கிறான். பதின்வயதுப் பையன், ஒரு காலைச் சாய்த்து நடப்பான். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்கள், தள்ளிவிடுகிறார்கள், அதே கையோடு அவனிடம் வியாபாரமும் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து வரும் ஜாமையும் சர்க்கரையையும் அவனிடம் கொடுத்துச் சிகரெட்டும் தபால் தலையும் வாங்குவார்கள். ஜாமைக் கொடுத்துத் தபால் தலை வாங்கியதில் நம் ழூலியனும் உண்டு. ஜோசப் அவற்றைக் கள்ளச் சந்தையில் விற்பான். ஒருநாள் சமையல்காரி போட்டுக்கொடுக்கிறாள். விசாரணை நடக்கிறது. கூட்டாளிகளான மாணவர்கள் ஏழு பேருக்கு ஈஸ்டர் வரை வெளியே போகக் கூடாது என்ற தண்டனை. ஜோசப்புக்கு வேலையே போய்விடுகிறது. தான் செய்வது அநியாயம் என்று குருவுக்குத் தெரியும், வாய்விட்டும் சொல்கிறார். மாணவர்களின் பெற்றோர் முகத்துக்காகத்தான் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்காமல் விடுகிறார். உயிரைப் பணயம் வைத்து மூன்று யூதப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அந்த நல்ல மனிதரால் அடுப்படிப் பையன் ஒருவனுக்கு நியாயம் செய்ய முடியவில்லை.

போக்கிடம் இல்லாத ஜோசப் நேராகப் போய்ப் போலீஸிடம் சொல்லிவிடுகிறான். பள்ளியை அவர்கள் சோதனை போடும்போது தோட்டத்துப் பக்கம் ழூலியன் அவனைப் பார்க்கிறான். நல்ல கோட்டு, கையில் சிகரெட். உங்களோடு வியாபாரம் வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்னை விரட்டியிருக்க மாட்டார்கள் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். ழூலியனிடம் அதற்குப் பதில் இல்லை. வகுப்பறையில் திரும்பிப் பார்த்தது அறியாமல் நடந்தது. ஜாமைக் கொடுத்துத் தபால் தலை வாங்கியது அறிந்தே செய்தது. நண்பனின் சாவுக்குப் போகும் வழி அந்த ஜாம் பாட்டிலிலிருந்து தொடங்குகிறது என்று மால் எங்கேயும் உரக்கச் சொல்லவில்லை. எடுத்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

நான் சொன்ன மூன்றாவது சிறுவன் இவன்தான். இன்னொரு செய்தி. மால் இவனுடைய கதையைத்தான் முதலில் எடுத்தார். 1974இல் வந்த 'லகோம்ப், லூசியன்' படத்தில் பதினேழு, பதினெட்டு வயதுக் குடியானவப் பையன் எதிர்ப்புப் படையில் சேர்த்துக்கொள்ளும்படி ஊர் ஆசிரியரிடம் போய்க் கேட்கிறான். உனக்கு வயது போதாது என்று அனுப்பிவிடுகிறார். சைக்கிள் பஞ்சராகி, ஊரடங்கு நேரத்தில் தவறான கட்டடத்தின் வாசலில் மாட்டிக்கொள்கிறான். உள்ளே ஜெர்மானியருக்கு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றிக்கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். அதே ஆசிரியரைக் காட்டிக்கொடுத்துவிட்டு அங்கேயே சேர்ந்துவிடுகிறான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பத்ரிக் மோதியானோ மாலுடன் சேர்ந்து எழுதிய திரைக்கதை. நடித்த பையன் மரம் வெட்டுகிறவன், அதற்கு முன் கேமராவையே பார்த்திராதவன். படம் வந்ததும் மாலைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். துரோகிக்கு முகம் கொடுக்கலாமா, அவனும் மனிதன்தான் என்று காட்டலாமா என்று ஒரே கூச்சல். சில ஆண்டுகளில் அவர் அமெரிக்காவுக்கே போய்விட்டார். அங்கிருந்து திரும்பி வந்து எடுத்ததுதான் இந்த வகுப்பறைப் படம். வெனிஸில் தங்கச் சிங்கம், பிரான்ஸில் ஏழு சேஸார் விருதுகள். காட்டிக்கொடுத்தவனை 13 ஆண்டு முன்னாலேயே புரிந்துகொண்டுவிட்டதால்தான் காட்டிக்கொடுக்கப்பட்டவனைப் பற்றி அழுகை இல்லாமல் அவரால் எடுக்க முடிந்தது என்பது என் எண்ணம்.

மூன்றாவது பையன் இல்லாவிட்டால் படம் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2008இல் வந்த 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' படத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள், பள்ளிகளில்கூடப் போடுகிறார்கள். முகாம் தலைமை அதிகாரியின் மகன் வேலிக்கு இந்தப் பக்கம், யூதச் சிறுவன் அந்தப் பக்கம். வேலியோரம் நாள்தோறும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். ஆஷ்விட்ஸில் இறங்கிய சிறு பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரை வந்த அன்றே விஷவாயு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலியோரம் உட்கார அவர்களுக்கு நாள் ஏது? படத்துக்கு மூலமான நாவலை இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் சொல்லிவிட்டது. எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. படம் முடியும்போது நாம் யாருக்காக அழுகிறோம்? அதிகாரியின் மகனுக்காக. இரண்டே பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊரைத் துடைத்துவிட்டால் கண்ணீர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும்.

ரெனே கிளமாங் 1952இல் எடுத்த 'தடைசெய்யப்பட்ட விளையாட்டுகள்' இந்தக் கணக்கில் சேராது. பெற்றோரைக் குண்டுக்குப் பறிகொடுத்த ஐந்து வயதுப் பெண்ணும், அடைக்கலம் கொடுத்த வீட்டுப் பையனும் செத்த நாய்க்கும் எலிக்கும் கல்லறை கட்டி விளையாடுகிறார்கள். சிலுவைகளைக் கல்லறைத் தோட்டத்திலிருந்தே திருடிவருகிறார்கள். அங்கே காட்டிக்கொடுக்கிறவன் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு வேலித் தகராறு வளர்க்கும் பெரியவர்களே போதும்.

இனி நம் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இலங்கையில் சோமரத்ன திசாநாயக்க என்ற சிங்கள இயக்குநர் 2000இல் 'சரோஜா' என்று ஒரு படம் எடுத்தார். எல்லையோரச் சிங்களக் கிராமம். பள்ளி ஆசிரியரின் மகள் வருணி காட்டோரத்தில் ஒரு தமிழ்ச் சிறுமியைக் காண்கிறாள். சிறுமியின் அப்பா இயக்கத்துக்காரர், காயம்பட்டுக் காட்டில் ஒளிந்திருக்கிறார். வருணி வீட்டில் சொல்ல, ஆசிரியர் இருவரையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறார். இரண்டு சிறுமிகளுக்கும் பொதுமொழி கிடையாது, அதனால் சிநேகம் தடைப்படவும் இல்லை. ஊர் எதிர்க்கிறது. அதே இயக்குநர் 2002இல் எடுத்த 'புஞ்சி சுரங்கனாவி'யில், யாரோடும் ஒட்டாத பணக்காரச் சிங்களப் பையனுக்குத் துணையாக ஒரு தமிழ்ச் சிறுமி வருகிறாள், 1983 ஜூலை வந்து இருவரையும் பிரிக்கிறது. போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு சிங்களக் கலைஞர் இப்படி எடுத்ததற்குத் துணிச்சல் வேண்டும், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இரண்டிலும் தமிழ்க் குழந்தை விருந்தாளியாகவே வருகிறாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கென்று வீடு இல்லை, தெரு இல்லை, அவளோடு சண்டை பிடிக்கிற தமிழ்த் தோழி இல்லை. 'சரோஜா'வில் எதிர்ப்பவர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பையனைத் தனியே இழுத்து நிறுத்தி, உனக்கு என்னடா கோபம் என்று கேட்டிருந்தால் அது வேறு படமாகியிருக்கும்.

வேற்றுப் படை என்றதும் நாம் ஜெர்மானியரை நினைக்கிறோம், அல்லது சிங்கள ராணுவத்தை. 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இறங்கி 1990 மார்ச் 24 வரை அங்கே இருந்தது நம்முடைய ராணுவம். அமைதி காக்கப் போனது, அக்டோபரிலேயே போர் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டுத் தீபாவளி நாளான அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் படை சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் எனப் பலர் செத்தார்கள். நம் பையன்களும் ஆயிரத்துக்கு மேல் அங்கே மடிந்தார்கள். இந்த இரண்டரை ஆண்டைத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடும். தமிழ் சினிமா அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களிடம் பேசினால் ஒரு ஆளைப் பற்றிக் கட்டாயம் சொல்வார்கள். சுற்றிவளைப்பு நடக்கும். ஊர்ப் பையன்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ உட்காரவைப்பார்கள். ஒரு ஜீப்புக்குள் தலையோடு சாக்கைக் கவிழ்த்து ஒருவன் இருப்பான், கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. பையன்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்துபோக வேண்டும். அவன் பேசமாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான். ஆட்டினால் அந்தப் பையனைத் தனியே நிறுத்துவார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். இலங்கை ராணுவமும் வைத்திருந்தது, நம் ராணுவமும் வைத்திருந்தது. சாக்குக்குள் இருப்பவன் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருப்பான். இல்லாவிட்டால் அவனுக்கு முகம் தெரியாதே. கூடப் படித்தவனாக இருக்கலாம். அவனையும் யாரோ அடித்து, நகத்தைப் பிடுங்கி, அங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கலாம். மாலின் வகுப்பறையில் ஒரு பார்வை செய்த வேலையை இங்கே ஒரு தலையசைப்பு செய்தது, அதுவும் வாரக்கணக்கில், ஊர் ஊராக. அந்தச் சாக்குக்குள்ளிருந்து, இரண்டு ஓட்டை வழியாகத் தன் வகுப்புத் தோழன் நடந்துவருவதைப் பார்க்கும் காட்சியை எந்தப் படத்திலும் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டுப் படங்களில் நினைவுக்கு வருவது 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. ஆறு தேசிய விருதுகள் பெற்ற படம். முகாமில் பிறந்து சென்னையில் தத்துப்பிள்ளையாக வளரும் அமுதா தன்னைப் பெற்றவளைத் தேடிப் போகிறாள். கீர்த்தனாவின் நடிப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் அமுதாவுக்குத் தாய் இருவர், தோழி ஒருத்தியும் இல்லை. நம் சினிமாவில் குழந்தைக்கு எப்போதும் அம்மாவோடுதான் உறவு, பக்கத்து பெஞ்சோடு கிடையாது. சந்தோஷ் சிவனின் 'இனம்' 2014 மார்ச்சில் வந்து, போர்க்காலத்து அநாதைப் பிள்ளைகளை ஒரு வீட்டுக்குள் சேர்த்துவைத்துப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தின் அரசியலோடு எனக்கும் சண்டை உண்டு. பார்த்துவிட்டுச் சண்டை போடத்தான் ஆசைப்பட்டேன், பார்க்கவே விடாமல் செய்துவிட்டார்கள். யூட் ரத்னம் 2017இல் எடுத்த 'டெமன்ஸ் இன் பாரடைஸ்' ஆவணப்படம்தான் தமிழர் தமிழரைக் கொன்ற கதையைத் தொட்டது. அவருக்கும் கிடைத்தது வசவுதான். மாலுக்கு 1974இல் கிடைத்த அதே வசவு.

நாம் கூடியிருக்கும் திண்டுக்கல்லுக்கு வருகிறேன். எதற்கு இங்கே இவ்வளவும் என்று பின்வரிசையில் கதவோரமாக இடம்பிடித்திருக்கும் மாணவ நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது.

போரில் ஊரை இழந்த பிள்ளை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1772இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டுச் சிவகங்கை நவாபின் கைக்குப் போனபோது வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வந்தார். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார், திண்டுக்கல் கோட்டையை வைத்திருந்த ஹைதர் அலி படை கொடுத்தார். எட்டு ஆண்டு கழித்து 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. மேடையில் வேலுநாச்சியார் நாடகம் போடும்போதெல்லாம் வாள்வீச்சும் குயிலியும் வருகிறார்கள். வெள்ளச்சி ஒரு மூலையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எட்டு ஆண்டு என்றால் ஒரு பிள்ளையின் பால்யம் முழுவதும். விருப்பாட்சியில் அவள் யாரோடு விளையாடினாள்? அவள் ராணியின் மகளாகத் திரும்பிப்போன பிறகு அந்த ஊர்ச் சிறுமி என்ன ஆனாள்? கோபால நாயக்கரை 1801இல் திண்டுக்கல்லில் கும்பினியார் தூக்கில் போட்டபோது, அடைக்கலம் கொடுத்த வீட்டின் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது யார்? நாடகம் எழுதுகிறவர்கள் கேட்காத கேள்விகள் இவை.

அடுத்த கூட்டம் இலங்கையிலிருந்து 1983க்குப் பிறகு வந்தது. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபோது இன்னும் பெரிதாக, அப்புறம் 1995க்குப் பின், 2006இல் என்று அலை அலையாக. மண்டபம் முகாமில் இறங்கிப் பதிவு முடிந்ததும் மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நம் மாவட்டத்துக்கும் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி என்று முகாம்கள் வந்தன. நூறு சதுர அடி அறை, நடுவில் சேலையைக் கட்டித் தடுத்தால் இரண்டு அறை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தினார்கள். 2022 செப்டம்பர் 14 அன்று தோட்டனூத்தில் 321 புதிய வீடுகளை முதலமைச்சர் திறந்துவைத்தார். ஒவ்வொன்றும் 300 சதுர அடி, மொத்தச் செலவு 17 கோடி சொச்சம். நல்ல காரியம், தயங்காமல் பாராட்டுகிறேன். குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளை, வாழ்நாளில் யாழ்ப்பாணத்தைப் பார்த்தே இராவிட்டாலும், இலங்கைக்காரன். 2019 திருத்தச் சட்டத்திலும் இவர்கள் இல்லை.

இந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். முகாமில் வளர்ந்து இப்போது நாற்பதைத் தொட்டிருக்கும் சிலரிடம் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஏதாவது கணக்கெடுப்பு வந்தால் 'முகாம் பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க' என்று குரல் வருமாம். எழுந்திருக்க ஒரு நொடி தாமதித்தால், பக்கத்தில் இருக்கும் நண்பன் தலை தானாக இவர்கள் பக்கம் திரும்புமாம். 'அவன் மேல தப்பு இல்ல சார், எல்லாரும் பாப்பாங்கதானே' என்றார் ஒருவர். அப்புறம் சிரித்தார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் ஆவோன் கிடையாது. இங்கே எழுந்து நின்ற பிள்ளையை யாரும் ரயிலேற்றிக் கொல்லவில்லை, நோட்டுப் புத்தகமோ உதவித்தொகையோதான் கொடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாக்குவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. இங்கே நடக்கும் இழப்பு மெதுவானது. பன்னிரண்டாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒன்று. அப்புறம் ஒருவன் பாஸ்போர்ட் எடுத்துச் சிங்கப்பூர் போகிறான், அரசாங்கப் பரீட்சை எழுதுகிறான். மற்றவன் பட்டம் வாங்கிவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறான். முகாமை விட்டு வெளியூரில் தங்க வேண்டுமென்றால் ஆர்.ஐ.யிடம் சொல்ல வேண்டும், கியூ பிராஞ்ச் போலீஸ் கேட்கும். சண்டை எதுவும் இல்லாமலே சிநேகம் தேய்ந்துபோகிறது. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆரம்பத்திலிருந்தே படிப்பைத்தான் பிடித்துக்கொண்டது. 1991க்குப் பின் வந்த கெடுபிடிக் காலத்திலும் மாலை வகுப்புகளில் பிள்ளைகளை உட்காரவைத்தது. அதனால்தான் முகாமில் பட்டதாரிகளுக்குப் பஞ்சம் இல்லை. வேலைக்குத்தான் பஞ்சம்.

இது மட்டும் இருந்தாலே ஒரு படம் எடுத்துவிடலாம், அழவும் வைக்கலாம். நான் கேட்பது ஜோசப்பை.

அவனும் இங்கே இருக்கிறான். அந்த 321 வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது டீக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. 'எங்கிருந்தோ வந்தவங்களுக்குக் கட்டிக் குடுக்குறாங்க. நாங்க பட்டாவுக்கு மனுக் குடுத்தே கை ஓஞ்சுபோச்சு.' இதைக் கேட்டவுடன் இனப்பற்று இல்லாதவன் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம், எளிது. சொன்னவரைக் கொஞ்சம் பாருங்கள். நாகல்நகர்ப் பக்கம் பூட்டுத் தொழிலில் கை தேய்ந்தவராக இருப்பார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பட்டறைகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அலிகார் பூட்டு மலிவு, அரத்தைப் பிடித்துச் சாவிக்குப் பல் ராவுகிறவருக்குக் கூலி கட்டாது. மகன் எட்டாம் வகுப்போடு வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போயிருப்பான். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு. புறம்போக்கில் வீடு, எப்போது இடிப்பார்களோ தெரியாது. அவருக்கு முகாம்காரர் மேல் பகையில்லை. தன் மனு எந்த மேசையில் தூங்குகிறது என்பதுதான் அவர் கேள்வி. அதைக் கேட்க ஆளில்லாததால் கண்ணில் படுகிறவன் மேல் கோபம் திரும்புகிறது. முகாமுக்கும் ஊருக்கும் நடுவில் விழுகிற ஒவ்வொரு சின்னப் புகாருக்கும், 'அவன் ராத்திரி முகாம்ல இல்ல சார்' என்கிற ஒவ்வொரு போனுக்கும் பின்னால் இப்படி ஒரு மனு இருக்கக்கூடும்.

ஆக, திண்டுக்கல்லில் எடுக்க வேண்டிய படத்தில் மூன்று பேர். முகாம் பையன், அவனோடு ஒரே பெஞ்சில் படித்த கடைக்காரர் மகன், நடுவில் பள்ளியை விட்டு நின்றுபோன பூட்டுக்காரர் மகன். கடைக்காரர் மகன் இருவருக்கும் நண்பன், இருவரிடமும் ஏதோ ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டவன். அவன் வீட்டுக்கு முகாம் பையனின் அப்பா பாதிக் கூலிக்குப் பெயிண்ட் அடித்திருப்பார். பூட்டுக்காரர் மகன் அதே கடையில் மூட்டை தூக்கி, கல்லாவில் நூறு ரூபாய் குறைந்த அன்று விரட்டப்பட்டிருப்பான். எடுத்தது யார் என்று கடைக்காரர் மகனுக்குத் தெரியும். மீதியை நான் சொல்லக் கூடாது, கதவோரத்து நண்பர்கள் யாராவது எழுதட்டும். ஒரு வேண்டுகோள் மட்டும். நடிக்கச் சென்னையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவராதீர்கள். மால் மரம் வெட்டுகிறவனைத் தேடிப் பிடித்ததுபோல நீங்களும் தேடுங்கள். தோட்டனூத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசுவார்கள், வாசலைத் தாண்டும்போதே மாற்றிக்கொள்வார்கள். எந்த வசனகர்த்தாவாலும் அதை எழுதித்தர முடியாது. முகாமுக்குள் படம்பிடிக்க அனுமதி கேட்டு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலையும் படத்தில் சேர்த்துவிடுங்கள், செலவு மிச்சம்.

இப்போது டீ கொடுப்பார்கள். அதன்பின் இதே அரங்கில் மாலின் படம், 104 நிமிடம். ஜோசப் முதல் தடவை வரும்போது கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், ஒரு காலைச் சாய்த்து நடப்பான். கேள்விகளைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வோம். தோட்டனூத்து டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மாணவர்கள் முதலில் கேட்கட்டும், மற்றவர்கள் அப்புறம்.